இனிஷியல் செல்லாதுங்க

"புதுசா வர்றவன் ஒருத்தனும் நிக்க மாட்டேங்கறானுங்கண்ணா. வர்றான், ரெண்டு நாள் சுத்தறான், மூணாவது நாள் ஆளே காணோம்."

கோவை வட்டாரத்து ஜி.டி.ஏ. சர்வர் அட்மின்கள் நள்ளிரவு தாண்டியதும் வைக்கும் ஒப்பாரி இது. காரணம் கண்டுபிடிக்கக் கூட்டம் போடுகிறார்கள். ஒருவன் ரீல்ஸ் போடலாம் என்கிறான். இன்னொருவன் புதிதாக நாலு லம்போர்கினி இறக்கலாம் என்கிறான். மூன்றாமவன், அக்கறையுள்ளவன், வரவேற்பு சானலில் கைகூப்பும் பொம்மையும் பூங்கொத்தும் போடலாம் என்கிறான். தீர்மானம் நிறைவேறுகிறது. வாசலில் பூங்கொத்து வைத்தாயிற்று. வந்தவனை வாசலுக்கு உள்ளே என்ன செய்கிறோம் என்று கேட்க அந்தக் கூட்டத்தில் நாதி இல்லை.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 2013-இல் வந்த ஜி.டி.ஏ. 5, 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற ஆட்டம். லாஸ் ஏஞ்சல்ஸைப் பார்த்துச் செய்த லாஸ் சாண்டோஸ் என்ற நகரம் அதில் இருக்கிறது. ஃபைவ்எம் என்ற மென்பொருளைப் போட்டுக்கொண்டால் அந்த நகரத்தை நீங்களே ஒரு சர்வரில் குடியமர்த்தி நடத்தலாம். 2023 ஆகஸ்டில் ராக்ஸ்டார் கம்பெனியே ஃபைவ்எம் குழுவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டதால் இப்போது அது திருட்டுத்தனமும் இல்லை. அங்கே வேலை சுடுவது இல்லை, வேஷம் கட்டுவது. ஒருவர் இன்ஸ்பெக்டர், ஒருவர் ஆம்புலன்ஸ் டிரைவர், ஒருவர் மெக்கானிக், ஒருவர் கந்துவட்டிக்காரர். மைக்கில் வாயாலேயே நடிக்கவேண்டும். விடிய விடிய நடக்கும். இதைக் கேட்டு முகம் சுளிக்கிற பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் தாத்தாவும் கோயில் திடலில் விடிய விடிய உட்கார்ந்து, கோணிச் சாக்கு விரித்து, இதைத்தான் பார்த்தார்.

ஆட்டத்தில் குறையில்லை. குறை படிவத்தில் தொடங்குகிறது.

உள்ளே நுழைந்ததும் சில கட்டங்கள் வரும். முதல் பெயர், கடைசிப் பெயர், பிறந்த தேதி, ஆணா பெண்ணா, உயரம். ஈ.எஸ்.எக்ஸ். என்ற சட்டகத்தில் ஓடும் சர்வர்களில் பெரும்பாலும் இதுதான் முறை. ஐரோப்பாவில் யாரோ தங்கள் ஊர் வழக்கப்படி எழுதிவைத்தது. நம் பையன் கடைசிப் பெயருக்கு எங்கே போவான்? இனிஷியல் எழுதிப் புள்ளி வைத்தால் பிழை. தமிழில் அடித்தாலும் பிழை. அப்பா பெயரைப் போடலாம், போடுகிற நல்ல பிள்ளைகளும் உண்டு. மற்றவர்கள் என்ன போடுகிறார்கள் என்று ஆட்டக்காரர் பட்டியலை மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். கவுண்டர், தேவர், நாயக்கர், மறுபடி கவுண்டர், இடையில் அலுத்துப்போய் ஒரு எஸ்கோபார், மறுபடி கவுண்டர்.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் தொங்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிடுவது என்று தீர்மானம் போட்டது. அதற்கு முன்பே ஈரோட்டுக்காரர் ஒருவர் தன் நாயக்கரைக் கழற்றி எறிந்திருந்தார். டெல்லிக்குப் போனால் ஹோட்டல் வரவேற்பறையில் 'சர்நேம் எங்கே' என்று நம்மைப் பார்த்து விழிக்கிறார்களே, அந்த விழிப்பை இரண்டு மூன்று தலைமுறை பாடுபட்டுச் சம்பாதித்தோம். சாதி எங்கேயும் போய்விடவில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் காகிதத்தில் ஒரு கட்டமாவது காலியாக இருந்தது. அந்தக் கட்டத்தைப் பேரப்பிள்ளைகள் நிரப்பிவிட்டார்கள். யாரும் கத்தி காட்டி மிரட்டவில்லை. பொழுதுபோக்குக்காக, நேந்திரங்காய் சிப்ஸ் கொறித்துக்கொண்டே நிரப்பினார்கள்.

கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. அவிநாசி சாலை மேம்பாலம், நீளம் 10.1 கிலோமீட்டர், 2025 அக்டோபர் 9 அன்று முதலமைச்சர் திறந்துவைத்தார். தெருப் பெயர்களிலிருந்து சாதியை நீக்க அரசாணை வந்த அதே மாதம், பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயர், பட்டத்தோடு. "பாலத்துக்கே இருக்குதுங்க, என்ற கேரக்டருக்கு இருந்தா மட்டும் பொத்துக்கிட்டு ஊத்துதா?" என்கிறான் பொடியன். பதில் சொல்ல வேண்டிய இடம் கோட்டை. நான் வாயை மூடிக்கொண்டேன். ஜி.டி. நாயுடு மேல் எனக்கு மரியாதை உண்டு. பள்ளிப்படிப்பில் ஒட்டாமல் பஸ் கம்பெனியும் மோட்டாரும் கண்ட அந்த மனிதர் இன்று இந்தச் சர்வரில் மெக்கானிக் வேலைக்கு மனுப் போட்டிருந்தால், 'முன் அனுபவம் போதாது, மூன்று மாதம் கழித்து முயலவும்' என்று பதில் வந்திருக்கும்.

படிவம் தாண்டினால் நேர்காணல். இதற்கு வைட்லிஸ்ட் என்று பெயர். வெள்ளைப் பட்டியல்! பெயர் வைத்தவனுக்கு வேறு நிறமே தோன்றவில்லை போலிருக்கிறது. ராத்திரி பதினொன்றரைக்கு டிஸ்கார்டில் கூப்பிடுவார்கள். மூன்று அட்மின்கள் உட்கார்ந்திருப்பார்கள். மூவருக்கும் சேர்த்து வயது அறுபது வந்தால் அதிகம். பல்லடம் பக்கத்துப் பையன் ஒருவன் வருகிறான் என்று வைத்துக்கொள்வோம்.

"எந்த ஊருங் தம்பி?"

"பல்லடம் பக்கமுங்கண்ணா."

"பல்லடத்துல எங்க?"

ஊரைச் சொல்கிறான்.

"ஓ, அங்கயா. ஊருக்குள்ளயா, அந்தப் பக்கமாங்?"

மைக்கில் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும்.

"சும்மா கேட்டனுங் தம்பி. உங்க கோயில் எதுங்? எந்தக் கூட்டமுங்?"

கொங்குக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்கு: இந்தக் கூட்டம் மேடை போட்டு மாலை போடும் கூட்டமில்லை, குலத்தின் கிளை. 'நீ என்ன சாதி' என்று கேட்பது நாகரிகமில்லை என்று எங்களுக்குத் தெரியும். அதனால்தான் ஊர், பக்கம், கோயில், கூட்டம் என்று நாலு கேள்வியாக, நாலுக்கும் மரியாதை விகுதி வைத்துக் கேட்கிறோம். கழுத்தை அறுத்தாலும் 'கொஞ்சம் தலையத் தூக்குங்' என்று சொல்லித்தான் அறுப்போம்.

இந்த சர்வர்களின் விதிப் புத்தகத்தை நான் வரிவிடாமல் படித்தேன். அதில் மிகக் கொடிய குற்றங்களில் ஒன்று மெட்டாகேமிங். அதாவது, திரைக்குப் பின்னால் இருக்கும் நிஜ ஆளைப் பற்றி உனக்குத் தெரிந்ததை ஆட்டத்துக்குள் கொண்டுவந்து அந்தப் பாத்திரத்தின் மேல் காட்டக்கூடாது. நண்பன் போனில் சொன்ன ஒளிவிடத்தை ஆட்டத்தில் போய்ப் பிடித்தால் மெட்டாகேமிங். லைவ் ஸ்ட்ரீமைப் பார்த்து எதிரியைக் கண்டுபிடித்தால் மெட்டாகேமிங். தண்டனை ஒரு வாரம் தடை, மீண்டும் செய்தால் நிரந்தரத் தடை. அப்படியானால், பல்லடத்துப் பையனின் தாத்தா எந்தத் தெருவில் பிறந்தார் என்பதை நேர்காணலில் பிடுங்கி, அதை வைத்து அவனுக்கு போலீஸ் வேஷமா குப்பைவண்டி வேஷமா என்று முடிவு செய்வது எந்தப் பிரிவில் வரும்? அவர்களுடைய சட்டப்படியே பார்த்தால் இந்த ஆட்டத்தில் முதலில் தடை வாங்க வேண்டியவர்கள் நேர்காணல் நாற்காலியில் இருக்கும் மூவர். மெட்டாகேமிங்கைக் கண்டுபிடித்தவர்களே நாம்தான். ஆளைப் பார்ப்பதற்கு முன்பே ஆளைப் பற்றித் தெரிந்துகொண்டு, தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டு, அதன்படி நடத்தும் வித்தையில் இரண்டாயிரம் வருடப் பயிற்சி நமக்கு. இதற்குப்போய் விதிப் புத்தகத்தில் ஆங்கிலச் சொல்லைக் கடன் வாங்கி வைத்திருக்கிறோம்.

இந்த ஆட்டங்களுக்கெல்லாம் பாட்டன் யார் என்று தெரிந்தால் வயிறு இன்னும் எரியும். 1978-இல் இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழக மாணவர் ராய் ட்ரப்ஷா 'மட்' என்றொரு எழுத்தாட்டத்தை எழுதத் தொடங்கினார். படமில்லை, வண்டியில்லை, வெறும் வரிகள். பல பேர் ஒரே நேரத்தில் ஒரே உலகத்துக்குள் நுழைந்து வேறு யாரோவாக வாழலாம். அதை வளர்த்தெடுத்தவர் அவருடைய தோழர் ரிச்சர்ட் பார்ட்டில். பிறந்த வர்க்கம் ஆளை ஆட்டிவைத்த இங்கிலாந்தைப் பார்த்து எரிச்சலுற்றுத்தான் அந்த உலகத்தைக் கட்டினோம், அங்கே நுழைகிறவன் எங்கே பிறந்தான் என்பது செல்லாது, அவன் செய்வதுதான் செல்லும் என்று பார்ட்டில் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். பிறப்பைக் கழற்றி வைப்பதற்கென்றே செய்த சாதனம். அதை வாங்கி, பிறப்பைக் கேட்கும் கட்டத்தை வாசலிலேயே வைத்து, நிரப்பாதவனை உள்ளே விடாமல் ஓட்டுகிறோம். அதே பார்ட்டில் 1996-இல் எழுதிய கட்டுரையில் இன்னொன்றும் இருக்கிறது: பிறரைச் சீண்டிக் கொன்று மகிழும் ஆட்டக்காரர் பெருகினால் சாதிக்க வருகிறவர்களும் பழக வருகிறவர்களும் குறைவார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். 'புதுசா வர்றவன் நிக்க மாட்டேங்கறான்' என்பதற்கான விடை முப்பது வருடமாக அங்கே கிடக்கிறது. இலவசமாகப் படிக்கலாம். ரீல்ஸ் மாதிரி குட்டியாக இல்லை, அதுதான் தொந்தரவு.

பல்லடத்துப் பையன் கோயில் கேள்வியில் ஏதோ சொல்லித் தப்பித்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது மைக் பரிசோதனை. பின்னால் தறி ஓடுகிறது. பல்லடம், சோமனூர்ப் பக்கம் எந்த வீட்டில் மைக்கைத் திறந்தாலும் விசைத்தறிதான் முதலில் பேசும். அட்மின் நெளிகிறான். "தம்பி, பேக்ரவுண்ட் நாய்ஸ் ஜாஸ்தி. இமர்ஷன் கெடுது." இமர்ஷன் என்றால் ஆட்டத்தில் மூழ்கிக் கிடக்கும் மயக்கம். அமெரிக்கக் கடற்கரையில் தமிழ்ப் பலகை மாட்டி, பச்சை அரசுப் பேருந்தை ஓட்டி, அதற்குள் கொங்குத் தமிழ் பேசிக்கொண்டு வாழ்கிறார்கள். அந்த மயக்கம் கலையவில்லை. கொங்கு மண்ணின் சத்தம் கேட்டதும் கலைந்துவிடுகிறது! கூலி உயர்வு கேட்டு 2025 மார்ச்சிலும் ஏப்ரலிலும் தறிகள் நின்றன. கோவை, திருப்பூர் மாவட்டங்களில் அடுப்பு எரியாத வீடுகள் இருந்தன. அந்த ஒரு மாதம் மட்டும் இந்தப் பையனின் மைக் தரம் சர்வர் விதிகளுக்குப் பொருந்தியிருக்கும்.

சரி, எப்படியோ உள்ளே வந்துவிட்டான். நகரத்தில் இறங்கி நிற்கிறான். கையில் கொஞ்சம் காசு, ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு ரொட்டி. எங்கே போவது, யாரைப் பார்ப்பது, எந்தப் பொத்தானை அழுத்தினால் பேசலாம் என்று தெரியவில்லை. கொங்கில் ஒரம்பரை, அதாவது விருந்தாளி, வந்தால் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்போம், அப்புறம்தான் வந்த காரியம் கேட்போம் என்று மேடைக்கு மேடை மார் தட்டுகிறோமே, அந்தப் பெருமையின் வாரிசுகள் இப்போது ஓடி வருகிறார்கள். ஓடி வருவது காலால் இல்லை, காரால். இடித்துத் தூக்கி எறிகிறார்கள். எறிந்த கோணம் நன்றாக அமைந்துவிட்டதால் அதை வெட்டி, பின்னணியில் வடிவேலு குரலைச் சேர்த்து, யூடியூபில் போடுகிறார்கள். காரணமில்லாமல் வண்டியால் இடிப்பதற்கு வி.டி.எம். என்று பெயரும் தடையும் உண்டு. புகார் கொடுக்க வீடியோ ஆதாரம் வேண்டும். இவன் கணினி ஆட்டத்தை ஓட்டுவதற்கே மூச்சு வாங்குகிறது. பதிவு செய்ய எங்கே போவான்? இடித்தவனிடம் வீடியோ இருக்கிறது. அதில்தான் ஏற்கனவே விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறதே.

வேலை கேட்டால் மீன் பிடி, லாரி ஓட்டு, கல் உடை. போலீஸில் ஆள் எடுப்பு மூடிவிட்டது. எப்போது திறக்கும்? அட்மின் மச்சினன் கல்லூரியில் சேர்ந்ததும் ஒருநாள் ராத்திரி திறந்து அன்றைக்கே மூடும். பெரிய கும்பல்களின் தலைமை எல்லாம் சர்வர் தொடங்கிய நாளிலிருந்தே குத்தகை. புதியவன் ஒழுங்காக மூன்று மாதம் மீன் பிடித்தால் மேலே வரலாம் என்று வாக்குறுதி கொடுக்கிறார்கள். கொங்கு நூற்பாலைகளில் இளம்பெண்களை வருடக்கணக்கில் விடுதியில் அடைத்து, மூன்று வருடம் முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி வேலை வாங்கிய சுமங்கலித் திட்டம் நினைவிருக்கிறதா? முடிவில் தருகிறேன் என்று சொல்லி முன்னால் கறப்பது எங்கள் வட்டாரத்தின் தொழில் நுட்பம். பொம்மை மீன் பிடிக்கிறவனிடமும் அதைக் காட்டாமல் எப்படி இருப்பது?

பெண்பிள்ளைகள் வந்தால் கதை வேறு. அவர்களுக்கு வரவேற்பில் ஒரு குறையும் இல்லை, அதுதான் பயங்கரம். முதலில் குரலைச் சோதிக்க வேண்டும் என்று தனி அறைக்குக் கூப்பிடுவார்கள், உண்மையிலேயே பெண்தானா என்று உறுதி செய்ய. உறுதியானதும் ஒரே ராத்திரியில் நர்ஸ் வேலை, வீடு, கார், பதினேழு நட்பு அழைப்பு. பதில் சொல்லாவிட்டால் மறுநாள் காலை அவள் 'ஆட்டிடியூட்' பிடித்தவள். மூன்றாம் நாள் அவளைப் பற்றி ஒரு குரல் பதிவு சுற்றும். வெறுத்துப்போய் ஆண் பாத்திரம் எடுத்துக்கொண்டு, மைக்கை அணைத்து, ஊமையாக நடிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். ஊமை வேஷத்தை இவ்வளவு தத்ரூபமாக நடிக்கிறாரே என்று அட்மின்கள் புள்ளி கொடுத்துப் பாராட்டுகிறார்கள்.

மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார், பத்திரப்பன். ஆண்கள் மட்டும் ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தவர். 2024-இல், 87 வயதில், பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. கணினி இல்லை, வைட்லிஸ்ட் இல்லை. புதிதாக வந்தவரை வட்டத்தில் நிறுத்தி அடவைச் சொல்லிக் கொடுத்தார், அவ்வளவுதான். புதியவரைச் சேர்ப்பது எப்படி என்று அறிய அட்மின்கள் அமெரிக்க வீடியோ பார்க்க வேண்டியதில்லை, மேட்டுப்பாளையம் பஸ் ஏறினால் போதும்.

இதோடு நிறுத்தினால் 'நம் முன்னோர் எவ்வளவு உயர்ந்தவர்கள்' என்று கைதட்டிவிட்டு நீங்கள் போய்விடுவீர்கள். விடமாட்டேன். பத்திரப்பன் விருது பெற்ற அதே 2024-இல் ஊரெல்லாம் சுற்றிய காணொளி ஒன்று உண்டு. வள்ளி கும்மி ஆட வந்த பெண்பிள்ளைகளிடம், சொந்தச் சாதியிலேயே கல்யாணம் செய்துகொள்வோம் என்று மேடையிலிருந்து உறுதிமொழி வாங்குகிறார்கள். எந்தக் கதையை ஆடிக்கொண்டு? தினைப்புனம் காத்த குறவர் வீட்டுப் பெண்ணை, கிழவேஷம் போட்டு, யானையைக் காட்டிப் பயமுறுத்தி, காதலித்துக் கட்டிக்கொண்டுபோன முருகன் கதையை. வேஷம் கட்டிக் கலப்பு மணம் செய்த சாமியைச் சுற்றிக் கும்மி அடித்துக்கொண்டே கலப்பு மணத்துக்கு எதிராகச் சத்தியம். மருதமலையில் நிற்கிறவர் இறங்கி வந்து இந்த மேடையில் ஏறியிருந்தால், 'நீங்க எந்தக் கூட்டமுங்?' என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். சர்வர் பையன்களை மட்டும் ஏன் திட்டுகிறேன் என்று இப்போது எனக்கே கேட்கத் தோன்றுகிறது. அவர்கள் எதையும் புதிதாகச் செய்துவிடவில்லை. பார்த்ததை நடிக்கிறார்கள், நன்றாகவே நடிக்கிறார்கள்.

1960களின் நடுவில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் வந்து தங்கிய பிரெண்டா பெக் என்ற ஆய்வாளரை நினைத்துக்கொள்கிறேன். மொழி புதிது, ஊர் புதிது, சாப்பாடு புதிது. ஊரார் சேர்த்துக்கொண்டார்கள். பல ராத்திரிகள் உடுக்கை அடித்துப் பாடிய அண்ணன்மார் கதையை 1965-இல் ஒலிநாடாவில் பதிந்தார். பிற்பாடு அதையே பொன்னிவளநாடு என்று அசைபடத் தொடராக்கிக் கனடாவில் காட்டினார். படுகளத்தில் பொன்னரும் சங்கரும் விழும் கட்டம் வரும்போது, கூட்டத்தில் நின்றவர்களே அருள் வந்து பிணமாகச் சாய்வதும், அவர்கள் தங்கை தங்காளாக வருபவர் தீர்த்தம் தெளித்ததும் எழுவதும் உலகத்துக்கே தெரிய வந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. வந்தாரை வாழவைத்த கொங்கு என்று இதைத்தான் சொல்கிறோம், சொல்லலாம். அட்லாண்டிக் தாண்டி வந்தவருக்குத் திண்ணை கிடைத்தது. ஊர்க்கோடியிலிருந்து நடந்து வந்தவருக்குத் தேநீர்க் கடையில் தனிக் குவளை கிடைத்தது.

சர்வர் விதிகளில் கடைசிப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது, அதைப் படித்தபோதுதான் இந்தக் கட்டுரையை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. ஒரு பாத்திரத்தைச் சுட்டால் அது செத்துப் போய்விடாது. ஆஸ்பத்திரியில் எழுந்து வரும். நிரந்தரமாகக் கொல்லவேண்டுமானால் 'கேரக்டர் கில்' அனுமதி வேண்டும். காரணத்தை எழுத்தில் கொடுக்கவேண்டும், கதைப்படி நியாயம் காட்டவேண்டும், அட்மின்கள் கூடி ஒப்புக்கொள்ளவேண்டும், சாகப்போகிறவருக்கும் வாய்ப்புக் கொடுக்கவேண்டும். படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை, பேருந்து நிலையத்துக்கு எதிரே, பட்டப்பகல். பொறியியல் மாணவர் சங்கரை, சாதி கடந்து கல்யாணம் செய்ததற்காக, மனைவியின் கண்ணெதிரே வெட்டினார்கள். கண்காணிப்புக் கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் விண்ணப்பம் போடவில்லை. ஒரு பொம்மை சாவதற்கு இவ்வளவு நடைமுறை எழுதத் தெரிந்த பிள்ளைகள் வளர்ந்த மண் இது. அந்த நடைமுறையை அவர்கள் எங்கிருந்து கற்றார்கள் என்று தெரியவில்லை, நிச்சயம் எங்களிடமிருந்து இல்லை.

அதனால் கொஞ்சம் நம்பிக்கை வந்து, ஒரு சர்வரின் டெவலப்பர் பையனிடமே நேராகப் பேசினேன். தங்கமான பையன், சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை, பேச்சில் அத்தனை மரியாதை. எதையும் மாற்ற வேண்டாம் கண்ணு, அந்தக் கடைசிப் பெயர்க் கட்டத்தை மட்டும் எடுத்துவிடேன், அல்லது காலியாக விட்டாலும் உள்ளே விடுகிற மாதிரி செய்துவிடேன், பத்து நிமிட வேலைதானே என்றேன். அவன் உண்மையாகவே யோசித்தான். திரையில் எதையெதையோ திறந்து பார்த்தான். அப்புறம் வருத்தத்தோடுதான் சொன்னான்:

"பண்ணலாமுங். ஆனா அத எடுத்தா எல்லாமே ஒடஞ்சிருமுங். வீட்டுப் பத்திரம், வண்டி ஆர்.சி., பேங்க் அக்கவுண்ட், போலீஸ் வேல, எல்லாமே அதுலதானுங் தொங்குது."